வெந்நீர்க் கொட்டகை

மதலேனாள் வாயைத் திறந்தால் கொட்டகைக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் எழுந்து பறந்துவிடும் என்று முகாமில் சொல்வார்கள். அது முழுப் பொய்யில்லை. இராயப்பன்பட்டியில் பிறந்தவள். கல்லுடைக்கப் போன புருஷனோடு மலையடிவாரத்துக்கு வந்தாள். அவன் காட்டுக் காய்ச்சலில் செத்த பிறகும் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். கூலியாட்களுக்கு மத்தியானக் கஞ்சி காய்ச்சும் கொட்டகைக்கு அப்போது ஒரு ஆள் தேவைப்பட்டது. சத்தம் போடத் தெரிந்தவளாக இருந்தால்தான் அந்தக் கூட்டத்தை மேய்க்க முடியும் என்று மேஸ்திரி அவளைப் பிடித்துப் போட்டார்.

கூடலூருக்கு மேலே, மலையில் நடக்கவிருந்த பெரிய அணை வேலைக்குச் சாமான் வண்டிகள் ஏறுவதற்காகப் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடிசை போட்டிருந்தார்கள். சாதி பார்க்கிறவர்கள் தங்கள் குடிசையிலேயே தனியாகப் பொங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்த கூட்டத்துக்கு மதலேனாளின் கொட்டகைதான் கதி.

அவளுக்குக் கீழே மூன்று பேர். விறகுக்குத் தவசி, சுருளிப்பட்டிக்காரன். ஒரு பெரிய மரத்துண்டைத் தனியாகத் தோளில் தூக்கி வந்துவிடுவான். உடம்புக்குக் கொடுத்துவிட்டுக் கடவுள் களைத்துப்போயிருக்க வேண்டும் என்று மதலேனாள் நினைத்துக்கொள்வாள். பாத்திரம் கழுவவும் கஞ்சி ஊற்றவும் ராமுத்தாய். தண்ணீர் சுமக்க ராக்கையா.

தவசியின் புத்தியைச் சொல்ல உப்பு மூட்டைக் கதை ஒன்றே போதும். ஐப்பசி அடைமழை தொடங்கிய அன்று மதலேனாள் அவனைக் கூப்பிட்டு, "ஏலே, ஒரு விறகு நனையக் கூடாது. எல்லாத்தையும் உள்ள அடுக்கிரு" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது விறகு சுவர் எழுப்பியதுபோல அழகாக அடுக்கப்பட்டிருந்தது. உப்பு மூட்டை இருந்த இடத்திலும் விறகு.

"மூட்டை எங்கலே?"

"உள்ள எடம் பத்தலக்கா. வெளிய வச்சிருக்கேன்."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கொட்டும் மழையில் சாக்கு மட்டும் தட்டையாகக் கிடந்தது. தவசியும் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"அடப்பாவி, எவனோ களவாண்டுட்டுப் போயிட்டானேக்கா" என்றான். கொஞ்சம் யோசித்து, "ஆனா நல்லவன்தான். சாக்கை வச்சிட்டுப் போயிருக்கான் பாரு" என்று சேர்த்துக்கொண்டான்.

கம்பம் சந்தையிலிருந்து மறு மூட்டை வரும்வரை முகாமே உப்பில்லாத கூழைக் குடித்தது. திட்டு முழுவதும் மதலேனாளுக்கு.

ராமுத்தாய் வேறு வகை. ஒருநாள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மதலேனாள் இந்தப் பக்கம் திரும்பினாள். கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. ராமுத்தாய் அசையாமல் எதிரே குந்தியிருந்தாள்.

"பாத்துக்கன்னுதானேடி சொன்னேன்?"

"பாத்துக்கிட்டேதான்க்கா இருந்தேன். பொங்குச்சு, பாத்தேன். வழிஞ்சுச்சு, பாத்தேன். அணைஞ்சதையும் பாத்தேன்."

இவர்களோடு கத்திக் கத்தி மதலேனாளின் தொண்டை கட்டிப்போயிருந்தது. இரவில் கோரைப்பாயில் சாயும்போது, மாதாவே, உலகத்தில் இருக்கிற புத்தியை நீ இப்படியா பங்கு வைத்தாய் என்று முணுமுணுப்பாள்.

ராக்கையா ஒருவர்தான் அவளுக்கு ஆறுதல். மயிலாடும்பாறைப் பக்கத்து ஆள். ஐம்பதை ஒட்டிய வயது. இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து நடப்பார். ஆனாலும் காவடியில் இரண்டு குடமும் தளும்பாமல் வரும். ஒரு வேலையை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். அவரை மட்டும் அவள் வைததே கிடையாது. "அண்ணன் ஒருத்தருக்குத்தான் மண்டைக்குள்ள ஏதோ இருக்கு" என்று மற்ற இருவர் காதில் விழும்படியே சொல்வாள். அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

மழை ஓய்ந்த கையோடு பேதி வந்தது.

முதலில் ஒரு வண்டிக்காரர் கிடந்தார். அவரைக் கவனித்துக்கொண்ட ஆள் மறுநாள் கிடந்தான். பிறகு குடிசைக்குக் குடிசை தாவியது. காலையில் சம்மட்டி தூக்கிப் போனவன் பொழுது சாய்வதற்குள் கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, அடையாளம் தெரியாமல் கிடந்தான். முகாமில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் நத்தர்ஷா ராவுத்தர். உத்தமபாளையத்துக்காரர். கையில் இரண்டு மருந்துச் சீசாக்களும் ஒரு மரப்பெட்டியும் தவிர ஒன்றுமில்லாத மனுஷர். அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உறக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது.

"இந்தாத்தா, மதலேனா. இனிமே ஓடைத் தண்ணி ஒரு சொட்டு யாரும் குடிக்கக் கூடாது. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணிதான். நோவுக்காரவுக துணியையும் இங்கன தொவைக்க விடாதே. தள்ளிப் போய்த் தொவைக்கச் சொல்லு."

"சரிய்யா."

அவள் மூவரையும் நிற்க வைத்து, டிரெஸ்ஸர் சொன்னதை வார்த்தை மாறாமல், அவர் சொன்னதைவிட மூன்று மடங்கு சத்தத்தில் சொன்னாள். "வேற ஆளுக செத்தா வாந்திபேதியில செத்தான்னு சொல்லுவாக. நீங்க இதுல தப்புப் பண்ணுனா நானே கொன்னு போட்ருவேன். தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது" என்றார்கள். மூவருமே பயந்து போயிருந்தார்கள். நோய்க்காரர்களின் துணி துவைக்கும் வேலை ராமுத்தாய் தலையில் விழுந்தது.

அன்றிலிருந்து மதலேனாள் அடுப்பை விட்டு நகரவில்லை. பெரிய அண்டாவில் தண்ணீர் குமிழ்விட்டுக் கொதிக்கும். அவள் அகப்பையால் மொண்டு மண்மொடாக்களில் ஊற்றுவாள். மொடாக்களைக் கொட்டகைக்குப் பின்னால் மரத்து நிழலில் வைத்து ஆட்களுக்கு ஊற்றிக் கொடுப்பது ராக்கையாவின் பொறுப்பு. அந்த இடத்தைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. தவசி ஈரவிறகைச் செருகுகிறானா, ராமுத்தாய் கஞ்சிச்சட்டியை மூடினாளா என்பதில்தான் கண். கண்ணெரிச்சலும் புகையுமாக நாட்கள் போயின.

நோய் நிற்கவில்லை. கூடியது. தினமும் யாரையாவது பாயில் சுருட்டித் தூக்கிப் போனார்கள். டிரெஸ்ஸர் மறுபடி வந்தார். இந்தத் தடவை குரலில் சந்தேகம் இருந்தது.

"நெசமாக் கொதிக்குதா, இல்ல சூடு காட்டி எறக்கிர்றியா?"

"மாதா சத்தியமாக் கொதிக்குதுய்யா. வந்து பாருங்க. கையை விட்டுப் பாருங்க."

அவர் அண்டாவைப் பார்த்தார். அது தளதளவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது. "என்னமோ, நம்ம கையில இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். போகிற வழியில் மொடாவிலிருந்து ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் புகை தாங்காமல் மதலேனாள் கொட்டகைக்குப் பின்பக்கம் வந்தாள். தொண்டை வறண்டிருந்தது. ராக்கையா அங்கே இல்லை. காவடியும் இல்லை. மொடாவின் மூடியை எடுத்துத் தகரக்குவளையில் மொண்டாள். வாயருகே கொண்டுபோனபோது தண்ணீர் குளுகுளுவென்றிருந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் காலையில்தானே மொண்டு ஊற்றினோம் என்று யோசித்தபடி குவளைக்குள் பார்த்தாள்.

உள்ளே ஒரு தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தது. குவளையின் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவளைப் பார்த்து நின்றது.

கொதித்த தண்ணீரில் உயிரோடு ஒரு பிராணி. குவளையை ஏந்தியபடியே ஓடைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் ராக்கையா எதிரே வந்தார், இரண்டு குடமும் தளும்பாமல்.

"அண்ணே, இந்தத் தண்ணிய எங்க கொண்டு போறீக?"

"மொடாவுக்குத் தாயி."

"மொடாவுக்கா? அண்டாவுக்குத்தானே வரணும்?"

"அண்டாவுக்குக் காலையிலயே ஊத்திட்டேன். இது ஆத்துறதுக்கு." அவர் குடத்தை இறக்காமலே நின்று விளக்கினார். "ஆற வச்சுக் குடுக்கச் சொன்னேல்ல? வெயில்ல வேலை செஞ்சுட்டு வாரவன் சுடுதண்ணியைக் குடிப்பானா? துப்பிட்டுப் போறாக. ரெண்டு பேரு என்னைய அடிக்க வந்தாக. அதான் மொடாவுக்கு ஒரு குடம் பச்சத் தண்ணி கலந்தேன். உடனே பதமா ஆறிரும். இப்பல்லாம் கேட்டு வாங்கிக் குடிக்கிறாக, தாயி."

அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. தானாக யோசித்து ஒரு காரியம் செய்திருக்கிறார். அவள் குவளையை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"அட, குடத்துல வந்துருச்சு போல. சின்னதுதான். ஒண்ணும் செய்யாது" என்று விரலால் எடுத்து ஓடைப் பக்கம் மெல்ல எறிந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மதலேனாள் வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. அவரைத் தாண்டி ஓடைக்கு நடந்தாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தண்ணீரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். அவர் குடம் முக்கும் பாறையடியில் நின்றாள். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. மேலேயிருந்து பொத் பொத்தென்று துணி அடிக்கும் சத்தம் கேட்டது.

வளைவைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். ராமுத்தாய் முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாறையில் செத்தவர்களும் சாகக் கிடப்பவர்களும் கட்டியிருந்த வேட்டிகள், கோவணங்கள், கிழிந்த போர்வைகள் குவிந்து கிடந்தன. அவள் அலசிய தண்ணீர் கலங்கலாகக் கீழே இறங்கி, வளைவு திரும்பி, பாறையடிக்குப் போனது.

"அடியே! இங்கன எதுக்குடி தொவைக்கிற?"

ராமுத்தாய் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீதானேக்கா தள்ளிப் போகச் சொன்ன?"

"தள்ளிப் போகச் சொன்னா மேலயா வருவ? கீழ போறதுக்கு என்ன?"

"கீழ தண்ணி கலங்கிக் கெடக்கும்க்கா. அதுல தொவைச்சா அழுக்குப் போகாதேன்னு நல்ல தண்ணியாப் பாத்து வந்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் மதலேனாளின் முகத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். "மேலயா கீழயான்னு உங்கிட்ட கேக்கத்தான் அன்னைக்கு வந்தேன். அடுப்படியில தவசிய வஞ்சுக்கிட்டிருந்த. கேட்டா என்னையும் வைவியேன்னு திரும்பிட்டேன்."

மதலேனாள் பாறையில் உட்கார்ந்தாள். ஓடிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்தாள். மேலே ஒருத்தி கலக்கிவிட, கீழே ஒருவர் மொண்டு கலக்க, நடுவில் தான் கண்ணெரியக் கண்ணெரியக் கொதிக்க வைத்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அன்று பிற்பகல் டிரெஸ்ஸரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ராக்கையாவுக்குச் சவுக்கடி விழும், ராமுத்தாயை விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் மறைக்கவில்லை. அவள் முடித்ததும் நத்தர்ஷா கேட்டார்:

"அந்த மொடாவுல யார் யாரு குடிச்சாக?"

"எல்லாரும்தான்யா."

அவர் தலையாட்டினார். தான் நேற்று வாங்கிக் குடித்த குவளை ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். "போ ஆத்தா. மொடாவையெல்லாம் ஒடைச்சுப் போட்ரு. புதுசு வாங்கித் தரச் சொல்றேன்" என்றார். யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. அவருக்கு அதற்குத் தெம்பு இல்லை.

டிரெஸ்ஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. ராக்கையா இரண்டாம் நாள் விழுந்தார்.

கொட்டகைக்குப் பின்னால் அதே மரத்தடியில் அவரைப் படுக்க வைத்தார்கள். உடம்பு வற்றிப்போய், குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தண்ணி" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. மதலேனாள் கொதித்த தண்ணீரைக் குவளையில் கொண்டுவந்து உதட்டில் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சுடுது தாயி. ஓடைத் தண்ணி ஒரு வாய் குடு. ஒரே ஒரு வாய்."

"வேணாம்ணே. இந்தா, ஆத்தித் தாரேன்." அவள் இன்னொரு குவளை எடுத்துவந்து தண்ணீரை இதிலிருந்து அதில் உயரத் தூக்கி ஊற்றினாள். அதிலிருந்து இதில். கை வலிக்க வலிக்க ஊற்றினாள். அவர் குழிந்த கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"அம்புட்டுப் பேருக்கும் இப்படி ஆத்த முடியுமா தாயி?" என்று கேட்டார்.

முடியாதுதான். அவர் கேட்டது சரியான கேள்வி. அதை முதல் நாளே அவர் கேட்டிருந்தால் இன்னும் நாலு மொடா வாங்கி, முந்தின நாளே காய்ச்சி வைத்திருக்கலாம். கேட்க விடாமல் கத்தியவள் தான்தானே என்று நினைத்தாள். தண்ணீர் ஒருவழியாக ஆறியது. அவர் இரண்டு மடக்குக் குடித்தார். இருட்டுவதற்கு முன்பே போய்விட்டார்.

காலையில் குழி தோண்டத் தவசியை அனுப்பினாள். செத்தவர்களைப் புதைத்துப் புதைத்து மற்ற ஆட்கள் அலுத்துப்போயிருந்தார்கள். யாரும் வர மறுத்துவிட்டார்கள். "ஆழமாத் தோண்டுலே. நரி இழுத்துப் போட்ரும்" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானமாகியும் தவசி திரும்பவில்லை. அவனும் எங்கேயாவது விழுந்து கிடக்கிறானோ என்று பதறிக்கொண்டு இடுகாட்டுப் பக்கம் ஓடினாள். யாரும் இல்லை. ஒரு பெரிய மண்மேடு மட்டும் புதிதாக நின்றது.

"தவசி! ஏலே தவசி!"

"இங்கன இருக்கேன்க்கா" என்று பூமிக்குள்ளிருந்து குரல் வந்தது.

மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தாள். கிணறு வெட்டியதுபோல ஒரு குழி. அடியில் தவசி, தலையெல்லாம் மண்ணாக, மண்வெட்டியை ஊன்றி அண்ணாந்து நின்றான். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போயிருந்தான். ஈர மண் இளகிக் கொடுக்கக் கொடுக்கத் தோண்டிக்கொண்டே போயிருக்கிறான். ஏறுவதற்கு ஒரு படிகூட விடவில்லை.

"நரி இதுக்குள்ள எறங்குமாக்கா?" என்று கேட்டான்.

மதலேனாளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மண்மேட்டில் உட்கார்ந்து சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். குழிக்குள்ளிருந்து தவசியும், எதற்கென்று தெரியாமல், கூடச் சேர்ந்து சிரித்தான். கொஞ்ச நேரத்தில் மேலிருந்த சிரிப்பு வேறு சத்தமாக மாறியது. கீழே அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"யக்கா, அழுகிறியா? நான் தப்பாத் தோண்டிட்டேனா?"

"இல்லலே. நல்லாத்தான் தோண்டியிருக்க" என்றாள் அவள். அவனிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அது பயமாக இருந்தது. "வையிக்கா, பரவால்ல" என்றான்.

வண்டிக் கயிற்றைக் கொண்டுவந்து, ராமுத்தாயும் அவளுமாக இழுத்து அவனை மேலேற்றினார்கள். பாதி மண்ணைத் திரும்பத் தள்ளிய பிறகுதான் ராக்கையாவை இறக்க முடிந்தது. அவர் சாமியை அவளுக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னாள். ராமுத்தாய் ஒரு பிடி மண் போட்டாள். எப்போது போட வேண்டும் என்று முதலில் மதலேனாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் போட்டாள்.

மறுநாள் தண்ணீர் எடுக்க ஆள் இல்லை. மேஸ்திரி, வேறு ஆள் வர நாளாகும், இருக்கிறதை வைத்து ஓட்டு என்றுவிட்டார்.

"நான் எடுக்கேன்க்கா" என்று தவசி காவடியைத் தோளில் வைத்தான். வைத்ததே தலைகீழாக இருந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பி வைத்தாள். எங்கே முக்க வேண்டும், எதில் ஊற்ற வேண்டும், எதில் ஊற்றக் கூடாது, ஏன் கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். முடித்ததும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னான். பாதி சரியாக இருந்தது.

அடுப்பை ராமுத்தாயிடம் ஒப்படைத்துவிட்டு மதலேனாள் அவன் பின்னாலேயே ஓடைக்கு நடந்தாள். அவன் குடத்தை முக்கும்போது மேற்பக்கம் யாராவது துவைக்கிறார்களா என்று வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குடம் நிறைந்ததும் மறுபடி அவன் பின்னால் ஏறினாள். அண்டாவில் ஊற்றும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு மறுபடி ஓடை. அவன் இரண்டு குடத்தையும் தளும்பவிட்டு நடந்தான். வழியெல்லாம் ஈரமாகி வழுக்கியது. அவள் கால்விரலை ஊன்றிப் பின்னாலேயே ஏறினாள்.

வெயில் ஏறிய நேரத்தில் கொட்டகைப் பக்கமிருந்து கூழ் அடிப்பிடிக்கும் வாசம் காற்றில் வந்தது. தவசி நின்று மூக்கை உறிஞ்சினான்.

"யக்கா, தீயுது போல. போய்ப் பாக்கலையா?"

"நீ நட" என்றாள் மதலேனாள்.